குளமும் காலடித் தடமும்: இலங்கைக் காடுகளில் வழிகாட்டும் தொழிலின் வரலாறு

இலங்கைத் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர் வலயம் எனப்படுகிறது. வடக்கு, வடமத்தி, கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளை உள்ளடக்கிய இவ்வலயம் தன் மழையின் பெரும்பகுதியை ஐப்பசி முதல் தை வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றால் பெறுகிறது. வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தை எல்லாம் மேற்கு மலைச்சரிவுகளில் கொட்டிவிட்டு வறண்ட காற்றாகவே கீழிறங்கி வருவதால், புரட்டாசி வரையிலான மாதங்களில் அங்கு மழை அரிது. தீவின் காட்டுயிர்களின் ஆண்டு இந்த இரு காற்றுகளுக்கு இடையில்தான் நகர்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலை மரங்கள் பழுக்கும்போது வில்பத்துவிலும் யாலவிலும் கரடிகள் அம்மரங்களின் உச்சிக்கிளை வரை ஏறுகின்றன. ஆடி முதல் புரட்டாசி வரை மின்னேரியாக் குளத்தின் வற்றிய படுகையில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுகின்றன. மழைக்காலத்தின் வாயிலில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் மன்னாருக்கும் பூந்தலவுக்கும் வந்து இறங்குகின்றன. மார்கழி முதல் சித்திரை வரை மிரிஸ்ஸவுக்குத் தெற்கே நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு நெருக்கமாக உலாவுகின்றன.

இந்தக் காட்சிகளைத் தேடி வருவோரை அழைத்துச் செல்லும் தொழிலைச் சுற்றுலாத் துறையின் அண்மைய விளைச்சலாக எண்ணுவது வழக்கம். அந்த எண்ணம் முற்றிலும் சரியன்று. காட்டுக்குள் ஒருவரை அழைத்துச் சென்று விலங்கைக் காட்டித் தரும் தொழில் இத்தீவில் பல நூற்றாண்டுகள் பழமையானது; மேலும் அங்குக் காணப்படும் விலங்குக் கூட்டங்களில் பலவும் மனிதர் தோண்டிய குளங்களின் கரையில் மனிதர் வகுத்த நீர்க்கணக்கின்படியே கூடுகின்றன. தடம் பார்த்தவனின் அறிவும் குளம் கட்டியவனின் உழைப்பும் இல்லாமல் இன்றைய தேசியப் பூங்காக்களில் பலவும் இல்லை என்பதை இத்தொழிலின் வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

முதலில் குளங்கள். அனுராதபுரத்தையும் பின்னர் பொலன்னறுவையையும் தலைநகராகக் கொண்ட அரசுகள் உலர் வலயத்தில் ஆயிரக்கணக்கான குளங்களை அமைத்தன. ஓர் ஆற்றையோ ஓடையையோ மண்கட்டால் மறித்து, மழைக்கால நீரைத் தேக்கி, மதகு வழியாக வயலுக்குத் திறந்துவிடுவது இவற்றின் முறை. மின்னேரியாக் குளம் மகாசேன மன்னன் கட்டியது. அவன் பின்னாளில் அப்பகுதி மக்களால் மின்னேரியாத் தெய்வமாகவே வழிபடப்பட்டான். 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் அரசியல் மையம் தென்மேற்கு நோக்கி நகர்ந்ததும், பராமரிப்பின்றிக் கட்டுகள் உடைந்ததும், மலேரியா பரவியதும் சேர்ந்து இந்நிலத்தின் பெரும்பகுதியை மக்களற்றதாக்கின. வயல் காடாயிற்று, குளம் விலங்குகளின் நீர்நிலையாயிற்று. ஐரோப்பியர் 19ஆம் நூற்றாண்டில் ஆதிகாலந்தொட்டு மனிதக் கை படாத காடு என்று வியந்த பரப்பில், மரவேர்களுக்கு அடியில் வரப்பும் வாய்க்காலும் விகாரை இடிபாடும் கிடந்தன. யாலவிலுள்ள சித்துல்பவ்வ போன்ற பண்டைய விகாரைகள் இதற்குச் சான்று.

கைவிடப்பட்ட அந்நிலத்தின் ஓரங்களில் வாழ்ந்தவர்களிடமே காட்டறிவு தங்கியது. வேடர், காட்டோரச் சிங்களக் கிராமத்தவர், வன்னித் தமிழர், கிழக்கின் முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தவரும் இதில் அடங்குவர். இவர்களுள் யானை பிடிக்கும் கலையைக் குலத்தொழிலாகவே கொண்டிருந்தவர்கள் பணிக்கர் எனப்பட்டோர்; தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இம்முஸ்லிம்கள் தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும், குறிப்பாக மட்டக்களப்புக்கு அருகிலுள்ள ஏறாவூரிலும், வாழ்ந்தார்கள். யானைக்கு அன்று பெரிய சந்தை இருந்தது. வன்னிச் சிற்றரசர்களாகிய வன்னியர் யாழ்ப்பாண மன்னருக்கும், அவர்களை அடுத்து போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளையே திறையாகச் செலுத்தினார்கள். பிடிபட்ட யானைகள் வன்னியிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆழமற்ற களப்பைக் கடந்தன. யானையிறவு என்ற பெயர் அக்கடவையின் நினைவாக நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏலம் விடப்பட்ட யானைகளை வாங்கத் தென்னிந்தியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர்கள் வந்தார்கள்.

பணிக்கரின் முறையை 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தமது நூல்களில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மான் தோலிலோ எருமைத் தோலிலோ திரித்த ஒரு சுருக்குக் கயிறு மட்டுமே அவர்களது கருவி. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதைப் பார்த்து எதிர்த்திசையிலிருந்து அணுகி, மேய்ந்துகொண்டிருக்கும் யானையின் பின்னங்காலுக்குப் பக்கத்திலேயே தவழ்ந்து சென்று, அது பாதத்தைத் தூக்கும் நொடியில் சுருக்கை மாட்டி, கயிற்றின் மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். இதற்குத் தேவைப்பட்ட துணிவு பெரிது. ஆயினும் அதற்கு முந்திய அறிவுதான் வியப்புக்குரியது. மண்ணில் பதிந்த தடத்தைக் கொண்டு யானை எப்போது கடந்தது, ஓடியதா நடந்ததா, தனியாகச் சென்றதா என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை ஒரு கொடியால் அளந்து அதை இரட்டித்தால் தோள் உயரம் கிட்டும் என்ற கணக்கும் வழங்கி வந்தது. ஆசிய யானையைப் பொறுத்தவரை இது இன்றும் ஆய்வாளர் கையாளும் அளவைதான். மிதிபட்ட புல் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது, ஒடிந்த கிளையின் பால் உலர்ந்ததா, இலத்தியின் உட்புறம் வெதுவெதுப்பாக உள்ளதா என ஒவ்வொன்றாகப் பார்த்து, நேரத்தைக் கணக்கிடும் பயிற்சி அது.

ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றி முழுத் தீவையும் ஆளத் தொடங்கியதும், இந்த அறிவு வேறொரு பயனுக்குத் திருப்பப்பட்டது. பிடிப்பதற்குப் பதில் சுடுவதற்காக யானையைத் தேடியவர்கள் வந்தார்கள். காட்டை வெட்டிக் கோப்பி பயிரிட்டவர்களுக்கும் அரசுக்கும் யானை ஓர் இடையூறாகத் தெரிந்ததால், கொன்ற யானைக்குத் தலைக்கு இவ்வளவு என அரசே வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் வெகுமதி கொடுக்கப்பட்டதாக டெனன்ட் எழுதுகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பின்னாளில் நைல் நதிப் பயணங்களால் புகழ் பெறுவதற்கு முன், 1850களில் வெளியிட்ட இரு நூல்களால் இலங்கையை வேட்டைக்காரர் உலகில் அறியச் செய்தார்.

வேட்டைத் துரை ஒருவர் உலர் வலயத்துக்குப் புறப்பட்டால் அது ஒரு முழுப் பயண ஏற்பாடாகவே இருந்தது. கூடாரம், மாட்டு வண்டி, சுமை தூக்குவோர், சமையற்காரர் ஆகியோருக்கும் முன்னால், அப்பகுதிக் கிராமத்திலிருந்து தடம் பார்ப்பவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். எந்தக் குளத்தில் இன்னும் நீர் உள்ளது, எந்த ஒற்றையடிப் பாதையில் மாலையில் யானை இறங்கும், எந்தப் புதரில் கரடி பகலில் உறங்கும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். வழிகாட்டிச் சுற்றுலாவின் எல்லா உறுப்புகளும், பருவம் பார்த்துப் புறப்படுவது உட்பட, அப்போதே உருவாகிவிட்டன. ஆயினும் அக்கால வேட்டை நூல்களில் சுட்டவர் பெயரும் துப்பாக்கியின் வகையும் விலங்கின் அளவும் துல்லியமாக இடம்பெற, அந்த விலங்கின் முன் அவரைக் கொண்டு நிறுத்தியவர் பெரும்பாலும் ஊர் தெரியாத ஒற்றைப் பெயராகவோ பெயரே இல்லாமலோ கடந்து போகிறார். இலங்கை இயற்கை வரலாற்று எழுத்தில் உள்ள மிகப் பெரிய இடைவெளி இதுவே எனலாம். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப், 1913இல் வெளியான தமது காட்டுக் கிராம நாவலில் சிலிந்து என்ற ஏழை வேட்டைக்காரரை நடுநாயகமாக வைத்தது அக்காலத்தில் அரிதான ஒரு விதிவிலக்கு.

விலங்குகள் கண்முன் குறைந்ததை முதலில் உணர்ந்தவர்களும் வேட்டைக்காரர்களே. தோட்டத்துரைமார் முன்னின்று 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுவே பெயர் மாறி இன்று வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக இயங்குகிறது. அதன் முதல் நோக்கம் தொடர்ந்து வேட்டையாடுவதற்கு விலங்குகள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே; அதனால், 1900இல் தென்கிழக்கில் மாணிக்க கங்கைக்கும் கும்புக்கன் ஓயாவுக்கும் இடைப்பட்ட காடு ஒதுக்கப்பட்டபோதே, அதை ஒட்டிய பலட்டுப்பானவுக்கும் யாலவுக்கும் இடையிலான நிலம் தீவில் வசிக்கும் வேட்டைக்காரர்களுக்கென வைக்கப்பட்டது. காட்டோரக் கிராமத்தவர் உணவுக்காகக் கொன்ற மான் குற்றமாகியது, உரிமம் பெற்றவர் பொழுதுபோக்காகக் கொன்ற மான் விளையாட்டாக நீடித்தது என்பதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

யாலவின் முதல் காவலராக அமர்த்தப்பட்டவர் எங்கெல்பிரெக்ட் என்னும் போயர் கைதி. தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட ஏறத்தாழ 5,000 போயர்கள் தியத்தலாவை முதலிய முகாம்களில் வைக்கப்பட்டிருந்தார்கள். போர் முடிந்ததும் பிரித்தானிய முடிக்கு விசுவாச உறுதி எடுக்க மறுத்ததால் எங்கெல்பிரெக்ட் தாயகம் திரும்ப இயலாமல் அம்பாந்தோட்டையிலேயே தங்கிவிட்டார். 1914இல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்ட ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனுக்கு இறைச்சி கொடுத்ததாக அவர்மீது சந்தேகம் எழுந்து சிறைவைக்கப்பட்டதும், அவர் 1922இல் அம்பாந்தோட்டையிலேயே இறந்ததும் தீவின் காட்டு வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படுகின்றன. அவரோடு காட்டைச் சுற்றிய உள்ளூர்க் காவலர்களைப் பற்றி அவ்வளவு தெரியவில்லை.

வேளாண்மை அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்கவின் முயற்சியில் 1937இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிலைமையை மாற்றியது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. அதாவது, வேட்டை முற்றாக விலக்கப்பட்டு, பார்ப்பதற்காக மட்டும் அனுமதி பெற்று நுழையும் இடங்களாயின. 1949இல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் நிறுவப்பட்டது. யானைக் கூட்டத்தை மரத்தூண் வேலிக்குள் விரட்டி அடைத்துப் பிடிக்கும் பந்தி, பல நாள் கூடியிருந்து மக்கள் பார்க்கும் பெருவிழாவாகவும் நடந்து வந்தது. 1950இல் பனாமுரவில் நடந்ததே அதன் கடைசி. அதில் பிடிபட்ட கூட்டத்தின் தலைமை ஆண்யானை மற்ற யானைகளைக் கட்ட விடாமல் எதிர்த்து நின்றதால் சுட்டுக் கொல்லப்பட்டது. அதையொட்டி எழுந்த மக்கள் சீற்றம் அவ்வழக்கத்தையே முடிவுக்குக் கொண்டுவந்தது.

தடம் பார்ப்பவர் திணைக்களத்தின் சீருடை அணிந்தது இந்தக் கட்டத்தில்தான். பூங்காவுக்குள் செல்லும் ஒவ்வொரு வாகனத்திலும் திணைக்கள ஊழியர் ஒருவர் உடன்செல்ல வேண்டும் என்ற விதி, முன்பு வேட்டைக்காரரின் அருகில் நடந்தவரை இப்போது ஜீப்பில் சாரதியின் பக்கத்தில் அமர்த்தியது. பெரும்பாலும் காட்டை அடுத்த ஊர்களைச் சேர்ந்த இவர்களின் அறிவு பழையதே. புள்ளிமான் கூட்டம் ஒரே திசையை நோக்கி விறைத்து நிற்பதும், மரை அடித்தொண்டையில் திரும்பத் திரும்ப ஒலிப்பதும், மந்திகள் மரவுச்சியிலிருந்து இருமுவதுபோல் எச்சரிப்பதும் சிறுத்தை அருகில் இருப்பதன் அடையாளங்கள். அவற்றுள் எது உறுதியானது, எது வெறும் பதற்றம் என்பதைப் பிரித்தறிவதில்தான் திறமை இருக்கிறது. மயில் பாம்பைக் கண்டும் அலறும். மரையோ காரணமின்றி அவ்வாறு நெடுநேரம் ஒலிப்பதில்லை. இலங்கையில் புலியும் சிங்கமும் இல்லாததால் சிறுத்தையே உச்ச வேட்டை விலங்கு. ஆகவே அது மறைந்து வாழும் தேவை குறைந்து பகலிலும் பாதையோரப் பாறைகளில் படுத்திருக்கிறது. இத்தீவுக்கே உரிய துணையினமான அதைக் காணவே யாலவுக்குப் பெருந்திரளானோர் வருகிறார்கள்.

அதே காட்டை வேறொரு வழியில் கடப்பவர்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டு இவ்வரலாற்றைச் சொல்ல முடியாது. கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கால்நடையாகப் புறப்படும் அடியார்கள், உகந்தை முருகன் கோயிலில் தங்கி, குமணக் காட்டில் இறங்கி, கும்புக்கன் ஓயாவைக் கடந்து, யாலவின் ஊடாக மாணிக்க கங்கையை அடைகிறார்கள். முன்னே வேல் செல்ல, வழி அறிந்த மூத்த சுவாமி ஒருவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் குழுவாக நடப்பது இதன் ஒழுங்கு: எங்கே நீர் எடுக்கலாம், எங்கே இரவில் தீ மூட்டித் தங்கலாம், யானை எதிர்ப்பட்டால் எப்படி ஒதுங்கி நிற்கலாம் என்பவை குழுவுக்குள் கைமாறி வந்த அறிவு. தேசியப் பூங்காவில் வாகனத்தை விட்டு இறங்கி நடக்கப் பிறருக்குத் தடை இருக்க, திருவிழாக் காலத்தில் மட்டும் இவர்களுக்கு அப்பாதை திறக்கப்படுகிறது. 1980களில் உள்நாட்டுப் போரால் அறுபட்ட இந்த நடை மீண்டும் தொடர்ந்தது. பூங்காவும் சட்டமும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஆயுதமின்றியும் விலங்கைத் தேடாமலும் இக்காட்டைக் கடந்து வந்த மரபு இது.

போர் வழிகாட்டும் தொழிலையும் விடவில்லை. தீவின் மிகப் பெரிய தேசியப் பூங்காவான வில்பத்து, ‘வில்லு’ எனப்படும் இயற்கையான மழைநீர்க் குட்டைகளாலும் அவற்றின் வெண்மணற் கரைகளாலும் பெயர்பெற்றது. அது 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்து, இடையில் திறந்து மீண்டும் மூடப்பட்டு, 2010இல்தான் நிலையாகத் திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை யாலவின் பட்டனங்கலக் கடற்கரையில் பயணிகளையும் அவர்களை அழைத்து வந்தோரையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. 2009இல் போர் முடிந்த பிறகு பயணிகள் தொகை விரைந்து பெருகியது. யாலவின் முதலாம் பிரிவில் ஒரு சிறுத்தையைச் சூழ்ந்து பல பத்து ஜீப்புகள் முண்டியடிப்பது வழக்கமாயிற்று. வாகனங்களுக்கு ஈடாகத் தடம் பார்ப்பவர்கள் இல்லாததால் பல வாகனங்களில் சாரதியே வழிகாட்டியானார். கைபேசி வழியே ஒரு சாரதி சொல்ல மற்றவர்கள் விரைந்து கூடுவதால், தடத்தைப் படிக்கும் தேவையே அங்கு அருகிவிட்டது. பெரும் இழப்பு இது. ஓரிடத்தில் பொறுமையாக நின்று காடு சொல்வதைக் கேட்கக் கற்பிப்பதே அத்தொழிலின் உயிர். அதைக் கற்றவர் ஓய்வுபெறும்போது அவ்விடத்தை நிரப்பப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். வறட்சி முற்றும் செப்டம்பர் தொடக்கம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை இப்பிரிவைப் பொதுவாக மூடிவைக்கும் ஏற்பாடு விலங்குகளுக்கு ஓரளவு ஓய்வு தருகிறது.

குளங்களின் கதை இதற்கு முன்பே திரும்பியிருந்தது. 1930களில் மின்னேரியாவைச் சுற்றிக் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது, கைவிடப்பட்டிருந்த நிலம் மீண்டும் வயலாயிற்று. சிறுபோகம் என்னும் வறட்சிக்கால நெற்செய்கைக்காகக் குளத்து நீர் திறந்துவிடப்பட, ஆடி, ஆவணியில் நீர்மட்டம் தாழ்ந்து, விரிந்த படுகையில் இளம்புல் தளிர்க்கும். சுற்றியுள்ள காடெல்லாம் காய்ந்து நிற்கும் அவ்வேளையில் அப்புல்லைத் தேடி யானைக் குடும்பங்கள் வந்து கூடும். கன்றுகளை நடுவில் வைத்து நிற்கும் பெண்யானைகளும், துணை தேடி வரும் கொம்பில்லாத தனி ஆண்யானைகளும் மாலையில் கட்டுவரை பரவுவதால், ஒரே நேரத்தில் இருநூறு முந்நூறு யானைகளைக் காண முடிகிறது. ஆசிய யானைகளின் மிகப் பெரிய பருவகாலக் கூடுகை என்று இது உலகெங்கும் பேசப்படுகிறது; 1997இல் மின்னேரியாவும் 2002இல் கவுடுல்லவும் தேசியப் பூங்காக்களாயின. உழவரின் நீர்த்தேவையே இக்கூடுகையை உண்டாக்கிற்று.

நீர்க்கணக்கு மாறினால் காட்சியும் மாறும் என்பதற்குப் பூந்தல ஓர் எச்சரிக்கை. 1990இல் ராம்சர் உடன்படிக்கையில் இலங்கையின் முதலாவது ஈரநிலமாக இடம்பெற்ற அக்களப்புகளில் ஒருகாலத்தில் பூநாரைகள் பெருந்தொகையாகக் கூடின. லுணுகம்வெஹர நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிகால் நன்னீர் களப்புகளுக்குள் இறங்கி உவர்ப்பைக் குறைத்ததால், அவற்றின் உணவான சிற்றுயிர்கள் அருகி, பூநாரைகளும் அவ்விடத்தைப் பெரும்பாலும் கைவிட்டன. இன்று அவற்றைக் காண விரும்புவோர் மன்னாருக்கும் வங்காலைச் சரணாலயத்துக்கும் செல்கிறார்கள்.

மின்னேரியாவிலும் அத்தகைய கவலை எழுந்துள்ளது. 2018இல் இயங்கத் தொடங்கிய மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து வறட்சிக் காலத்திலும் நீர் வந்து சேர்வதால், ஆவணியில் வற்ற வேண்டிய குளம் நிரம்பியே நின்று புற்படுகை நீருக்கடியில் மூழ்கும் ஆண்டுகள் வரலாயின. யானைகள் சிதறி மெலிவதை ஆய்வாளரும் வழிகாட்டிகளும் சுட்டிக்காட்டினார்கள். நீரை எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்பதை வகுக்கும்போது உழவரின் தேவையோடு புற்படுகையின் தேவையையும் கணக்கில் எடுப்பது இயலாத காரியமன்று. நீர்மட்டத்தைச் சில வாரங்கள் தாழ்த்தி வைக்கும் கேள்வியே அது. இப்போதைக்கு, ஆடி பிறந்ததும் அப்பகுதிச் சாரதிகள் மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலுக் காடு என மூன்று இடங்களின் நிலையையும் காலையில் விசாரித்தறிந்து, யானைகள் எங்கே இறங்கும் என்று கணித்து, அன்றைய மாலைப் பயணத்தை எப்பக்கம் திருப்புவது என்று முடிவு செய்கிறார்கள்.